அந்த அறையில் கையெழுத்துப் போடாதீர்கள்

காலண்டரில் பதினைந்து நிமிட அழைப்பு ஒன்று வந்து விழுகிறது. ‘கனெக்ட்’ என்று தலைப்பு. என்ன விஷயம் என்று ஒரு வரிகூட இல்லை. மேனேஜர் பெயருக்குக் கீழே, நீங்கள் இதுவரை கேள்விப்படாத ஒரு எச்.ஆர். பெயர். போய் உட்கார்ந்தால் மேனேஜர் மேஜையையே பார்த்துக்கொண்டிருப்பார். பேசுவது எச்.ஆர்.தான். “உங்க ரோல் இனிமே இல்ல. நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரெக்கார்ட் க்ளீனா இருக்கும். இல்லன்னா டெர்மினேட் பண்ண வேண்டி வரும். அப்புறம் அடுத்த கம்பெனி வெரிஃபிகேஷன்ல உங்களுக்குத்தான் கஷ்டம்.” லேப்டாப் திறந்தே இருக்கும். ராஜினாமா பக்கத்துக்குப் போய் ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. காரணம் கேட்கும் இடத்தில் ஒரு பட்டியல் விரியும்: சொந்தக் காரணம், மேல்படிப்பு, நல்ல வாய்ப்பு, உடல்நிலை. ‘கம்பெனி போகச் சொன்னது’ என்பது அந்தப் பட்டியலில் இருக்காது.

அந்தப் பொத்தானை அன்று அழுத்தாதீர்கள். மற்ற யோசனைகள் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நம் ஊர் ஐ.டி. நிறுவனங்களில் ஆட்குறைப்பு அந்தப் பெயரில் நடப்பது அபூர்வம். பெரும்பாலும் அது ராஜினாமா வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. வேஷத்துக்குக் காரணம் உண்டு. ஆட்குறைப்பு என்று எழுதினால் நோட்டீஸ், நஷ்டஈடு, அரசுக்குத் தகவல், அடுத்த நாள் செய்தித்தாளில் தலைப்பு என்று வரிசையாகச் செலவு. ராஜினாமா என்றால் ‘அட்ரிஷன்’ என்ற கணக்கில் ஓர் எண் கூடும், அவ்வளவுதான்.

டி.சி.எஸ். விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்குச் சற்று மேல், குறையப்போகிறார்கள் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. நடுத்தர, மேல்நிலை ஊழியர்கள்தான் பெரும்பாலும் பாதிக்கப்படுவார்கள் என்றும் சொன்னது. செயற்கை நுண்ணறிவு காரணமல்ல, திறன்கள் பொருந்தவில்லை என்பதே காரணம் என்றார் தலைமைச் செயல் அதிகாரி கிருத்திவாசன். ஜூன் முடிவில் 6,13,069 ஆக இருந்த ஊழியர் எண்ணிக்கை செப்டம்பர் முடிவில் 5,93,314 ஆனது. மூன்றே மாதத்தில் கிட்டத்தட்ட 20,000 பேர் குறைவு. அதில் தாங்களாக விடுவித்தது சுமார் 6,000 பேர்தான் என்றது நிறுவனம். ஊழியர் சங்கங்கள் அதை ஏற்கவில்லை. மிரட்டி வாங்கிய ராஜினாமாக்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை என்றன. யார் சொல்வது சரி என்பதை வெளியிலிருந்து தீர்மானிக்க வழியில்லை. ஒவ்வொருவர் கோப்பிலும் ‘சொந்தக் காரணம்’ என்றுதானே இருக்கும்.

அறிவிப்புக்கு ஒரு மாதம் முன்புதான் அதே நிறுவனம் பெஞ்ச் விதியை, அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல் இருப்பதற்கான விதியை, இறுக்கியிருந்தது: ஆண்டுக்கு 225 நாள் பில்லிங்கில் இருக்க வேண்டும், பெஞ்சில் 35 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. ப்ராஜெக்ட் பிடித்து வருவது விற்பனைப் பிரிவின் வேலை. கிடைக்காவிட்டால் தண்டனை புரோகிராமருக்கு. இந்த மனப்போக்கு ஒரே கம்பெனியோடு நிற்கவில்லை. 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று சொல்லி எடுத்த புதியவர்களிடம் 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. இன்ஃபோசிஸில் 2022-இல் ஆஃபர் வாங்கிய பலர் வேலையில் சேர இரண்டு ஆண்டு காத்திருந்தார்கள். 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்தில் உள்தேர்வில் தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் அனுப்பப்பட்டார்கள். சேருவதற்கு இரண்டு ஆண்டு, வெளியேறுவதற்கு ஒரு சாயங்காலம்.

அறைக்குள் என்ன சொல்வது

சண்டை வேண்டாம், அழுகை வேண்டாம், விளக்கமும் வேண்டாம். ஒரே வாக்கியம் போதும்: “எழுத்துல குடுங்க சார், படிச்சுப் பார்த்துட்டு பதில் சொல்றேன்.” எத்தனை முறை கேட்டாலும் இதையே சொல்லுங்கள். “இன்னைக்கு ஈவினிங்குக்குள்ள முடிக்கணும்” என்பார்கள். அந்தக் கெடு அவர்களுடைய எக்செல் ஷீட்டுக்கு, உங்களுக்கு இல்லை. ராஜினாமா செய்தே ஆக வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டத்திலும் கிடையாது. அனுப்ப வேண்டுமென்றால் அனுப்பும் அதிகாரமும் அதற்கான பொறுப்பும் நிறுவனத்துக்கு உண்டு. அந்தப் பொறுப்பைத்தான் உங்கள் கையால் உங்கள் தலையில் ஏற்றப் பார்க்கிறார்கள்.

வெளியே வந்தவுடன், காபிக்குப் போவதற்கு முன், ஒரு மின்னஞ்சல். எச்.ஆருக்கும் மேனேஜருக்கும், உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு பிரதி. இன்று இத்தனை மணிக்கு இன்னின்னார் முன்னிலையில் கூட்டம் நடந்தது, என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள், எனக்கு அந்த எண்ணம் இல்லை, வேலையில் தொடரத் தயாராக இருக்கிறேன், முடிவு எதுவானாலும் எழுத்தில் தெரிவியுங்கள். இவ்வளவுதான். கோபம் ஒரு சொல்லில்கூடத் தெரியக் கூடாது. போனில் ரகசியமாகப் பதிவு செய்வதைவிட இது எனக்கு மேலாகப் படுகிறது. அன்றைய தேதியில், அவர்களுடைய சர்வரிலேயே சாட்சி உட்கார்ந்துவிடுகிறது. மறுப்பு வராவிட்டால் அதுவும் ஒரு சாட்சி.

அதற்குள் லாகின் முடங்கிவிட்டால்? சொந்த முகவரியிலிருந்து அனுப்புங்கள். ஆனால் எச்சரிக்கை: கம்பெனி கோப்புகளையோ சோர்ஸ் கோடையோ கிளையன்ட் விவரங்களையோ ஜிமெயிலுக்குத் தள்ளிவிடாதீர்கள். நிறுவனத்துக்கு அதுவரை இல்லாத ஒரு காரணத்தை நீங்களே தட்டில் வைத்துக் கொடுத்ததாகிவிடும். உங்களுக்குச் சொந்தமான காகிதங்கள் வேறு: ஆஃபர் லெட்டர், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பள உயர்வுக் கடிதங்கள், பே ஸ்லிப், படிவம் 16, அப்ரைசல் ரேட்டிங். இவற்றை மாதாமாதம் இறக்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும். கடைசி நாளில் தேடினால் போர்ட்டல் திறக்காது.

முன்கூட்டியே தெரியுமா என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலும் தெரியும். நேற்றுவரை நல்ல ரேட்டிங் வாங்கியவருக்குத் திடீரென்று அடிமட்ட ரேட்டிங், “உங்க வேலையை இன்னொருத்தருக்கு கே.டி. குடுத்துடுங்க” என்ற அவசரம், சென்னையில் குடும்பம் இருப்பது தெரிந்தே வேறு நகரத்துக்கு மாற்றல், அப்புறம் பி.ஐ.பி. எனும் செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம். பி.ஐ.பி. வந்தால் அதன் இலக்குகளை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு வாரமும் முடித்ததை எழுத்தில் அனுப்புங்கள். பெஞ்சில் இருந்தால், எந்தெந்த ப்ராஜெக்ட்டுக்கு விண்ணப்பித்தீர்கள், ஆள் ஒதுக்கும் பிரிவான ஆர்.எம்.ஜி. என்ன பதில் சொன்னது என்று தேதிவாரியாகக் குறித்து வையுங்கள். ‘வேலை கொடுத்தும் செய்யவில்லை’ என்பதற்கும் ‘கேட்டும் கொடுக்கவில்லை’ என்பதற்கும் உள்ள தூரம் அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது.

கையெழுத்தின் விலை

எட்டு ஆண்டு வேலை செய்த ஒருவர். சட்டக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிராஜுவிட்டி, மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் எட்டு ஆண்டாலும் பெருக்கினால், ஏறக்குறைய 2,77,000. ராஜினாமா செய்தாலும் இது வரும். பி.எஃப். பணமும் வரும். ‘ரிசைன் பண்ணினா எல்லாம் செட்டில் பண்ணிடுவோம்’ என்று எச்.ஆர். பெருந்தன்மையோடு சொல்வது இதைத்தான். எப்படியும் உங்களுடைய பணத்தை.

ராஜினாமா செய்தால் வராதது ஆட்குறைப்பு நஷ்டஈடு: முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். எட்டு ஆண்டுக்கு நான்கு மாதச் சம்பளம், 2,40,000. அதோடு காரணம் குறிப்பிட்ட ஒரு மாத எழுத்து நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்திலேயே இருந்த உரிமை இது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது. புதிய தொகுப்பு இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது: ஆட்குறைப்புக்கு ஆளானவரின் மறுபயிற்சிக்காக 15 நாள் சம்பளத்துக்குச் சமமான தொகையை முதலாளி நிதியில் கட்ட வேண்டும், அது 45 நாளுக்குள் அவர் கணக்குக்கு வர வேண்டும். ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, வேலையிலிருந்து விலகினாலும் விலக்கப்பட்டாலும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தந்தாக வேண்டும். ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் 45 நாள் ஆகும்’ என்று யாராவது சொன்னால் இதை நினைவூட்டலாம்.

ஐந்து ஆண்டு முடிய சில மாதம் இருக்கும்போது அழைப்பு வந்தால் கூடுதல் கவனம் தேவை. கிராஜுவிட்டிக்கு ஐந்து ஆண்டு என்பது பொது விதி. ஆனால் நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்திருக்கிறது. எச்.ஆரில் பலருக்கே இது தெரியாது. தெரிந்தவர்கள் வாய் திறப்பதில்லை.

இந்த உரிமைகளெல்லாம் சட்டம் ‘தொழிலாளர்’ என்று ஏற்பவருக்குத்தான். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் இதில் வர மாட்டார். மேற்பார்வைப் பணி செய்பவர் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் வர மாட்டார். நம் கம்பெனிகளில் ஆறு ஆண்டு அனுபவம் இருந்தாலே ‘லீட்’, ‘அசோசியேட் மேனேஜர்’ என்று பட்டம் சூட்டிவிடுகிறார்கள். பதவிப் பெயர் எதுவாக இருந்தாலும் நீங்கள் முக்கியமாகச் செய்யும் வேலை என்ன என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கும். நாள் முழுக்கக் கோடு எழுதி டெஸ்ட் செய்பவர், விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று இருப்பதாலேயே மேனேஜர் ஆகிவிடுவதில்லை. ஆளை எடுக்க, நீக்க, ரேட்டிங் போட, லீவு கொடுக்க அதிகாரம் உண்டா? இல்லையென்றால் உங்கள் அப்ரைசல் குறிப்பும் பணி விவரமும்தான் அதைக் காட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் வேலை செய்பவருக்கு இன்னொரு வழியும் உண்டு. 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, ஆறு மாதமாவது தொடர்ந்து வேலை செய்த ஒருவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் அனுப்பக் கூடாது என்கிறது. மேல்முறையீட்டுக்கும் இடம் தருகிறது. நிர்வாகப் பதவியில் இருப்பவர்களை இதுவும் விட்டுவிடுகிறது என்பது உண்மை.

சட்டமெல்லாம் ஐ.டி.க்குச் செல்லாது என்பது ஓ.எம்.ஆர். டீக்கடைகளில் உலவும் வதந்தி. 2015 ஜனவரியில், டி.சி.எஸ். பணிநீக்கம் செய்த ஒரு கர்ப்பிணி ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கினார். நிறுவனம் அந்த உத்தரவையே திரும்பப் பெற்றது. 2016-இல், ஐ.டி. ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழக அரசு தெளிவாகச் சொன்னது. அந்தக் கர்ப்பிணி ஊழியரும் சரி, 2017-இல் காக்னிசென்ட் விவகாரத்தில் தொழிலாளர் துறையை அணுகிய சென்னை ஊழியர்களும் சரி, ராஜினாமா பொத்தானை அழுத்திவிட்டு அங்கே போயிருந்தால் முதல் கேள்விக்கே திணறியிருப்பார்கள்.

துறையை அணுகுவது பலர் பயப்படும் அளவுக்குப் பெரிய காரியமில்லை. சென்னையில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் இருக்கிறது. ஒரு மனு, இணைப்புகள். சமரச அலுவலர் இரு தரப்பையும் அழைப்பார். 45 நாளில் முடிவு வராவிட்டால் நீங்களே நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தனியாகப் போவதைவிட ஒரு சங்கத்தோடு போவது நல்லது. யுனைட், ஃபைட் போன்ற ஐ.டி. ஊழியர் அமைப்புகள் இங்கே இயங்குகின்றன. சங்கம் என்றால் கொடி பிடிப்பது என்று நினைப்பவர்கள், அவர்கள் தட்டச்சு செய்து தரும் மனுவை ஒருமுறை பார்க்க வேண்டும். வழக்கு மட்டும் இழுக்கும், ஆண்டுக்கணக்கில். அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

எப்போது ராஜினாமா செய்யலாம்

செய்யலாம், விலை சரியாக இருந்தால். நீங்கள் நிஜமாகவே டெலிவரி ஹெட், சட்டப் பாதுகாப்பு கிடையாது, கம்பெனி ஆறு மாதச் சம்பளம் தருகிறது என்றால் வாங்கிக்கொண்டு போவது புத்திசாலித்தனம். ஆனால் முதல் தொகைக்கே தலையாட்டாதீர்கள். ஒப்பந்தத்தில் உங்களுக்கு 90 நாள் நோட்டீஸ் என்று போட்டவர்கள், அவர்கள் அனுப்பும்போதும் 90 நாள் சம்பளம் தரட்டும். ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கேட்கக் கூடாது, பயிற்சி பாண்டை ரத்து செய்ய வேண்டும், இந்த ஆண்டு உழைத்த மாதங்களுக்கு வேரியபிள் பே வேண்டும், குடும்ப மருத்துவக் காப்பீடு இன்னும் சில மாதம் தொடர வேண்டும்: இவை கேட்கத் தகுந்தவை, ஓரளவு கிடைக்கவும் செய்யும். ரிலீவிங் லெட்டரின் வாசகத்தைக் கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். பணத்துக்கு வைக்கும் பெயரையும் கவனியுங்கள். ‘எக்ஸ்-கிரேஷியா’ என்று போட்டால் பொதுவாக முழுதும் வரிக்கு உட்படும். விடுப்புப் பணத்துக்கு 25 லட்சம் வரையும், கிராஜுவிட்டிக்கு 20 லட்சம் வரையும் வரிவிலக்கு இருக்கிறது.

இந்தப் பேரம் அமெரிக்காவில் வேறு மாதிரி. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரை மின்னஞ்சலில் அனுப்பியபோது, அங்குள்ளவர்களுக்கு 16 வாரச் சம்பளமும் ஒவ்வொரு கூடுதல் ஆண்டுக்கு இரண்டு வாரமும் தந்தது. ஆனால் எச்-1பி விசாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குப் பணத்தைவிடக் காலண்டர்தான் முக்கியம்: வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள்தான் அங்கே தங்கலாம். அங்கே இருப்பவர்கள் வேலை முடியும் தேதியைத் தள்ளிப்போடத்தான் முதலில் பேரம் பேச வேண்டும், தொகை அப்புறம்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வேலை காப்பீடு. குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அப்பாவின் சர்க்கரை, அம்மாவின் முட்டி வலி இரண்டும் அதற்குள்தான் இருக்கும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழியுண்டு. அப்படி மாறும்போது ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் சேரும். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டி வரலாம். கடைசி நாளுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். அப்புறம் கேட்டால் யாரும் போன் எடுக்க மாட்டார்கள்.

பி.எஃப். பணத்தை ஆத்திரத்தில் எடுக்காதீர்கள். ஐந்து ஆண்டுத் தொடர் சேவைக்கு முன் எடுத்தால் வரி உண்டு. விட்டு வைத்தால் வட்டி வளரும். நாவலூரில் ஃப்ளாட் வாங்கி இ.எம்.ஐ. கட்டுபவர்கள், ஒரு தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்ப் பேசுங்கள். தவறிய பிறகு பேசுவது கெஞ்சுவதாகிவிடும். அவசரத்துக்கு நகைக்கடன், கிரெடிட் கார்டு கடனைவிட எவ்வளவோ மலிவு. வீட்டில் சொல்லிவிடுங்கள். காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி மாலில் உட்கார்ந்திருப்பவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்; அந்த நடிப்புக்கு ஆகும் சக்தியை வேலை தேடச் செலவிடலாம்.

தேடும்போது உங்களிடம் ஒரு சாதகம் இருக்கிறது. மற்றவர்கள் 90 நாள் நோட்டீஸில் மாட்டிக்கொண்டிருக்கும் ஊரில் நீங்கள் ‘இம்மீடியட் ஜாய்னர்’. நௌக்ரியில் ரெக்ரூட்டர்கள் நோட்டீஸ் காலத்தை வைத்துத்தான் வடிகட்டுகிறார்கள். முதல் வரியிலேயே போடுங்கள். ஏன் வெளியே வந்தீர்கள் என்று கேட்டால், “யூனிட்டைக் குறைச்சாங்க, என் ரோலும் போச்சு” என்று ஒரு வாக்கியம். அடுத்த வாக்கியம் நீங்கள் செய்த வேலையைப் பற்றி. பழைய கம்பெனியைத் திட்டும் ஆசை வரும். அதை நண்பர்களோடு வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளியை மறைக்கத் தேதிகளை நீட்டாதீர்கள், உங்கள் பி.எஃப். எண்ணான யூ.ஏ.என்.-இன் வரலாறு எந்த மாதம் எங்கே பி.எஃப். கட்டப்பட்டது என்று காட்டிக்கொடுத்துவிடும். காசு கொடுத்தால் அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்பவர்கள் பக்கமே போக வேண்டாம்.

பழைய கம்பெனி உங்கள் பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியைப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதியாவிட்டால், கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம்.

புதிய ஆஃபர் கைக்கு வந்ததும் சம்பள எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பணி முடிவு பற்றிய பத்தியைத் தேடுங்கள். நீங்கள் போனால் மூன்று மாதம், அவர்கள் அனுப்பினால் ஒரு மாதம் என்று இருந்தால் இரண்டையும் சமமாக்கச் சொல்லிக் கேளுங்கள். வேரியபிள் பே எதைப் பொறுத்தது, பெஞ்சுக்கு எத்தனை நாள், பாண்ட் எத்தனை லட்சம் என்பதையும் மின்னஞ்சலிலேயே கேளுங்கள். “இது ஸ்டாண்டர்ட் பாலிசி, மாத்த முடியாது” என்று பதில் வரும். நோட்டீஸ் விஷயத்தில் மட்டும் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். ஆள் அவசரமாகத் தேவைப்படும் இடத்தில் 90 நாள் 60 ஆவதுண்டு.